கன்றுகளுக்கு மேலே நான் போட்ட பந்தல்

அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ உன் ஆபீஸ் வேலையைச் செய்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயால் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். நீ எதிரில் வந்து நின்றால் எனக்கு இருமல் வருகிறது, இல்லாவிட்டால் தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தினேனா என்ற சந்தேகம் வருகிறது. ஸ்வீடன் வேலையைப் பற்றி நீ கேட்டபோதும் "பாக்கலாங் கண்ணு" என்றுதான் சொன்னேன். நம் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். ஊட்டிக்குப் போகலாமா என்று அப்போது கேட்டாய், பார்க்கலாம் என்றேன். காரமடையிலிருந்து அண்ணாந்தால் தெரிகிற மலையை நீ காலேஜ் டூரில்தான் போய்ப் பார்த்தாய். இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று புதன். ஆகவே இந்த முறை 'பாக்கலாம்' செல்லாது. இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்துவிடப் போகிறேன். உங்க அம்மா படிக்கட்டும். கல்யாணத்தை முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று கோபியிலிருந்து ஒரு ஜாதகத்தோடு வந்து போன உன் மாமாவும் படிக்கட்டும். ஏன் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது போகப் போகத் தெரியும்.

ஐப்பசியில் நான் காலை உடைத்துக்கொண்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாசி வழுக்கி விழுந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முழு உண்மை இதுதான்: தண்ணீர்த் தொட்டியின் பாசியைத் தேய்த்துக் கழுவாத ஆளைப் போனில் வைதுகொண்டிருந்தேன், வைதுகொண்டே அதே பாசியில் கால் வைத்தேன். உள்ளே தகடு வைத்துத் தைத்து, மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு பாக்குத் தோட்டத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் வேலைக்கு வருகிறவர்கள் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். உங்க அம்மாதான் உன்னிடம் கெஞ்சினாள். "இவுருக்கு ஏதாச்சும் ஒரு வேலை குடு அம்மணி, இல்லீன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். நீ உன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து என் வயிற்றின்மேல் ஒரு தலையணை போட்டு அதன்மேல் வைத்தாய்.

நீயும் உன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து கம்ப்யூட்டரில் விளையாடுகிற அந்த விளையாட்டு உலகத்தின்மேல் எனக்கு முதல் நாள் பெரிய மரியாதை வரவில்லை. எல்லாம் கட்டம் கட்டமாக, செங்கல்லை அடுக்கி வைத்த மாதிரி. சூரியன்கூடச் சதுரம். மரத்தைக் கோடாலி இல்லாமல் வெறும் கையால் குத்தியே வெட்டலாம். அடிமரத்தை உருவி எடுத்தாலும் மேலே இருக்கிறது விழாமல் அந்தரத்தில் நிற்கும். "ஏங் கண்ணு, பூமி இழுக்கறதுக்கு இங்க லீவா?" என்று கேட்டேன். பத்தாவதில் அறிவியலை உரசிக்கொண்டு தேறிய எனக்கே அது உறுத்தியது. நீ நேராக விஷயத்துக்கு வந்தாய். "அப்பா, நாங்க ஆத்துக்கு மேல பாலம் கட்டறோம், மரம் பத்தலீங்ப்பா. பக்கத்துல இருந்த காட்டையெல்லாம் வெட்டித் தீத்துட்டோம். நீங்க சும்மாதான இருக்கறீங்க, கொஞ்சம் நட்டு வளத்திக் குடுங்களேன்" என்றாய்.

"யாருகிட்டக் கண்ணு கேக்கறே? மீசை மொளைக்கறதுக்கு முந்தியே மரம் வளத்துனவன் நானு."

"ஆமாங்க, தொட்டியில உழுந்ததும் அதே ஆளுதானுங்க" என்று அடுப்படியிலிருந்து உங்க அம்மா சொன்னாள்.

நீ பன்னிரண்டு கன்றுகளும், ஒரு பெட்டி நிறைய வெட்டிய மரமும் கொடுத்துவிட்டுப் போனாய். அந்த மரம் எனக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ள. நான் வீடு கட்டவில்லை. என் புத்தி எங்கே போகும்? பாக்குக் கன்று எவ்வளவு நோஞ்சான் என்று உனக்குத் தெரியும். வெயில் நேராகப் பட்டால் குருத்து கருகிவிடும். அதனால்தான் நாம் வாழையை முதலில் வைத்து, அதன் நிழலில் பாக்கை நடுகிறோம். வாழை இல்லாத இடத்தில் தென்னை மட்டையை நட்டு மறைக்கிறோம். அதே கணக்கில், நீ கொடுத்த மரத்தையெல்லாம் பலகையாக்கி, பன்னிரண்டு கன்றுகளுக்கும் மேலே ஒரே பந்தலாகப் போட்டேன். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்குமே என்று மேற்கே தட்டி கட்டினேன். அந்த உலகத்தில் ஆடியும் இல்லை, பாலக்காடும் இல்லை என்பது வேறு விஷயம். மேற்கே கட்டியது பார்க்க ஒருமாதிரியாக இருந்ததால் மற்ற மூன்று பக்கமும் கட்டினேன். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் பாத்தி எடுத்துத் தண்ணீர் விட்டேன். இத்தனையும் செய்துவிட்டு, காரமடைத் தேர் பார்த்துத் திரும்பியவன் மாதிரி திருப்தியாகக் கண்ணை மூடினேன்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒரு கன்றும் ஒரு விரல்கடைகூட ஏறவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் உங்க அம்மா, "இன்னைக்கு எத்தனை எலை உட்டுதுங்க?" என்று விசாரித்தாள். அது போதாதென்று பந்தலுக்குள் பட்டப்பகலில் பேய்கள் உலாவ ஆரம்பித்தன. பச்சையாக, கை இல்லாமல், அழுகிற முகத்தோடு ஒன்று சத்தமில்லாமல் வந்து என் பக்கத்தில் நின்று 'ஸ்ஸ்' என்றது. ஒறம்பரை, சொந்தக்காரர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் மரியாதையாகத் திரும்பினேன். வெடித்துவிட்டது. என்னையும் இரண்டு கன்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் சரவணம்பட்டி ஆபீஸிலிருந்து நீ வந்ததும் வராததுமாக என் தோட்டத்தைக் காட்டினேன். நீ தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, இதென்னங்ப்பா, கல்யாண மண்டபமா?"

"பந்தல் கண்ணு. எளங்கன்னு, வெயிலு தாங்காதல்ல."

"ஐயோ அப்பா! தலைக்கு மேல எடமிருந்தாத்தான் அது எந்திரிக்கும். மேல பலகை இருந்தா எத்தனை நாளானாலும் இப்படியேதான் நிக்கும். சாகாதுங்க. வளராதுங்க."

"சரி, அப்ப இந்தப் பேயெல்லாம் எங்கிருந்து வருது?"

"இருட்டு எங்கிருக்குதோ அங்கதான் அதுக மொளைக்கும். இந்த இருட்டு நீங்க போட்டதுதானுங்ப்பா."

சொல்லிவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே போய் உங்க அம்மாவிடம் சொன்னாய், அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். நான் சிரிக்கவில்லை கண்ணு. சாகாது, வளராது என்று நீ சொன்னது என்னை எங்கேயோ பிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சாப்பிடும்போது "என்னங்க, கால் வலிக்குதுங்களா?" என்று உங்க அம்மா இரண்டு முறை கேட்டாள். வலித்தது கால் இல்லை.

இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான் இந்தக் கடிதம். எட்டு வருடத்துக்கு முன்னால், நீ பன்னிரண்டாவது முடித்தபோது, வடக்கே ஒரு ஊரில் இருக்கிற ஓவியக் காலேஜுக்குப் பரீட்சை எழுதினாய். பட்டியலில் உன் பெயர் உடனே வரவில்லை, இடம் காலியானால் கூப்பிடுவார்கள் என்றாய். உனக்கு அப்போது போன் கிடையாது, என் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாய். தினமும் நான் தோட்டத்திலிருந்து திரும்பும்போது வாசலுக்கு வந்து, "ஏதாச்சும் போன் வந்துதுங்களாப்பா?" என்று கேட்பாய். "ஒண்ணும் வரலீங் கண்ணு" என்பேன். அது உண்மையாகத்தான் இருந்தது, ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாள் நான் காந்திபுரத்தில் இருந்தேன். மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஒரு சாமான் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றேன். போன் அடித்தது. ஒரு பெண், இங்கிலீஷில். உன் பெயரைச் சொன்னாள். சீட் என்றாள், டூ டேஸ் என்றாள், கன்ஃபர்ம் என்றாள். வாழ்க்கை முழுக்க என்னைக் கைவிட்ட இங்கிலீஷ் அன்றைக்குப் பார்த்து முழுசாகப் புரிந்தது. என் கண்ணுக்கு முன்னால் இரண்டு நாள் ரயிலும், தெரியாத பாஷையும், பதினெட்டு வயதில் நீ தனியாக ஒரு ஹாஸ்டல் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருப்பதும் ஓடியது. லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களை எப்படி அனுப்புவது என்று நீயே எனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நான் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்துகொண்ட ஒரே இங்கிலீஷ் வாக்கியம் அது. அதைத்தான் சொன்னேன். "நாட் இன்ட்ரஸ்டட், மேடம்." அந்தப் பெண் ஏதோ திருப்பிக் கேட்டாள். இன்னொரு முறை சொல்லிவிட்டுக் கட் செய்தேன்.

கட் செய்த கையோடு, எதிரில் இருந்த கடையில் நுழைந்து உனக்கு ஒரு புதுப் போன் வாங்கினேன். குற்றம் செய்தவனுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. நீ அதைப் பிரித்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நல்லதாப் போச்சுங்ப்பா, அவுங்க இனி இதுக்கே கூப்புடட்டும்" என்று சொல்லி, நம்பர் மாறியதை அவர்களுக்கு எழுதிப் போட்டாய். அந்தப் போனைத் தலையணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நீ காத்திருந்த நாட்களை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை. ஒறம்பரை வரும்போதெல்லாம் "அம்மணிக்குச் சீட்டு வரலீங்க, நம்ம பக்கத்துல இருக்கற காலேஜே போதுமுங்க" என்று எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்ன பொய்யை ஒட்டிய கவருக்குள் வைத்துத் திருத்தினால் அது திருத்தம் ஆகாது. அதனால்தான் இந்தக் கடிதம் திறந்து கிடக்கிறது.

நீ காலையில் போய்ப் பொழுதோடு திரும்புகிற காலேஜில், உனக்குப் பிடிக்காத கம்ப்யூட்டர் படிப்பைப் படித்தாய். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலைக்குப் போனாய். சனி, ஞாயிறு மட்டும் திரையில் மரம் வரைந்தாய். நம் இட்டேரிப் பாதை ஓரத்து வேம்பை வரைந்தாய், மழையில் நனைந்த பாக்கு மட்டையை வரைந்தாய். அந்தக் காலேஜ் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதை எட்டு வருடமாக ஒவ்வொரு பலகையாக விலக்கி நீயே கற்றுக்கொண்டாய். இப்போது விளையாட்டுக்குக் காடு வரைய வா என்று எங்கேயோ பனி பெய்கிற ஊரிலிருந்து கூப்பிடுகிறார்கள். பாக்குக்கு நிழல் கொடுத்த வாழையை எப்போது வெட்டிப்போட வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் என்னிடம் வந்து கேட்டுப் போகிறவர்கள் உண்டு. நாலாம் வருஷத்துக்கு மேல் வைக்காதீங்க, வாழை பாக்கின் பலத்தைத் தின்றுவிடும் என்று கறாராகச் சொல்வேன். உனக்கு வயது இருபத்தாறு. இன்னும் நான் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ சிரித்த மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்தேன். பலகை பலகையாக, ஒவ்வொன்றாக. முடித்துவிட்டு லேப்டாப்பை மூடி, இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், அப்போதும் அப்படியே நிற்கின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ வந்து சொன்னாய்: "நீங்க அங்க இல்லீன்னா அந்த எடத்துல பொழுதே ஓடாதுங்ப்பா. யாராச்சும் பக்கத்துல இருந்தாத்தான் அது வளரும். ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா நில்லுங்க போதும்." சும்மா நில் என்று என்னிடம் யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை. நானும் நின்றதில்லை. உத்தரவு போடாமல், யாரையும் வையாமல், மண்ணைக் கிளறாமல், ஒரு முழுக் காலை நேரம் அந்தச் சதுரச் சூரியனுக்குக் கீழே நின்றேன். திடீரென்று முதல் கன்று எழுந்தது பார்! நம் மரம் மாதிரி விரல் விரலாக இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று ஆள் உயரத்துக்குத் தலை நிறைய இலையோடு நின்றது. நான் போட்ட சத்தத்தில் கால் மறுபடியும் முறிந்துவிட்டது என்று உங்க அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் அந்தக் கரண்டி எங்கே விழுந்தது என்பதை எழுத வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பத்து மரம் நாற்பது ஆயிற்று. உங்கள் பாலம் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பாலத்தின் முகப்பில் உன் கூட்டாளிகள் என் பெயரை எழுதிப் பலகை வைத்தார்கள். நிஜத் தோட்டத்தில் இத்தனை வருஷம் பாடுபட்டு எனக்குக் கிடைக்காத மரியாதை அது. ஒரே ஒரு ஜாதிதான் எனக்குப் பிடி கொடுக்கவில்லை, கறுத்த மரம், அடி பெருத்தது. தனித்தனியாகப் போதிய இடைவெளி விட்டு, முறையாக நட்டேன். பந்தல் இல்லை, பக்கத்திலேயே நின்றேன், வரவில்லை. "நாலு கன்னை ஒட்டி ஒட்டி, சதுரமா வைக்கோணுங்ப்பா, ஒத்தையா வெச்சா அது வரவே வராது" என்றாய். நம் தோட்டத்தில் ஒரே குழியில் நாலு கன்று வைத்தால் என்னைக் கோயமுத்தூர் கொண்டுபோய் வைத்தியம் பார்ப்பார்கள். வைத்துப் பார்த்தேன். நாலும் ஒன்றாகச் சேர்ந்து, நான் அந்த உலகத்தில் பார்த்ததிலேயே பெரிய மரமாக எழுந்தது. ஆகவே புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே போனதும் மூன்று பேரைத் தேடிக்கொள். எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் சரி. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கத் தெரிந்தவர் அதில் ஒருவராவது இருக்கட்டும். நீ வைக்கிற ரசத்தை அவர்களுக்கு ஒரேயடியாகக் கொடுத்துவிடாதே, பழகின பிறகு கொடு.

இன்னொன்று. நீ கன்று இல்லை. நான் பக்கத்தில் நின்றால்தான் உனக்குப் பொழுது ஓடும் என்பது கிடையாது. அதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு கால் செலவாயிற்று. ஆனால் அந்தக் காட்டுக்கு ஆள் வேண்டும். இப்போது கால் ஊன்றி நடக்கிறேன், தோட்டத்துக்குப் போகிறேன். என்றாலும் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய் நிற்பேன். உனக்கு அங்கே அப்போது காலை நேரம் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வர மனசில்லாமல் போனாலும் சரி. நீ கோபப்பட வேண்டும் அம்மணி. எட்டு வருஷத்துக் கோபம், அதை ஒரே நாளில் முடித்துவிடாதே. கூடவே எடுத்துக்கொண்டு போ. அங்கே குளிர் அதிகமாம், கெட்டுப் போகாது. கோபத்தோடு போனாலும் போ. அப்பாவை மன்னிப்பதற்காக இங்கே உட்கார்ந்திருக்காதே. கோபி ஜாதகத்துக்கு நானே உன் மாமாவிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவர் வையத்தான் செய்வார். பாசியில் விழுந்தவனுக்கு வசவு பெரிய அடி இல்லை.

கடைசியாக, திங்கட்கிழமை நடந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நான் பாக்குக்கு நடுவே நின்றிருந்தபோது போன் அடித்தது. அந்த வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ஆபீஸாம். இரண்டாவது நம்பராக என்னுடையதை எழுதிக் கொடுத்திருக்கிறாய், அன்றைக்கு நடந்தது தெரியாமல். உன் நம்பரில் ஒரு எண்ணைத் தப்பாகக் குறித்துக்கொண்டு அடித்துப் பார்த்தார்களாம், கிடைக்கவில்லையாம். பெண் குரல், அதே மாதிரி இங்கிலீஷ். உன் பெயரைச் சொன்னாள். ஃப்ரைடே என்றாள். "ஈஸ் ஷி இன்ட்ரஸ்டட், ஸார்?" என்று கேட்டாள். அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டு வருஷமாக வேறு வாக்கியம் எதுவும் கற்றுக்கொள்ளவில்லையே. "ஒன் மினிட், மேடம்" என்றேன். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"யூ ஆஸ்க் ஹெர், மேடம். ஹெர் நம்பர் ஐ கிவ்."

உன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். காந்திபுரத்தில் நான் வாங்கி வந்த அந்தப் போனின் நம்பர்தான், நீ இன்னும் மாற்றாத நம்பர். அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னாள், விடாமல் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் வந்ததே, "இத்தனை நாளாத் தப்பு நம்பருக்கே அடிச்சவுங்களுக்குச் சரியான நம்பர் எப்படிங்ப்பா கெடச்சுது?" என்று ஆச்சரியப்பட்டாயே, அது இப்படித்தான். அவள் தேங்க்யூ சொல்லி வைக்கப் போனாள். நான் விடவில்லை.

"மேடம், மேடம், ஒன் மோர். ஹெர் ஆன்ஸர், ஷி வில் டெல். பட் ஃபாதர்..." பாக்கு மரங்களை அண்ணாந்து பார்த்தேன். வாழை வெட்டிய இடத்தில் வெயில் தரை வரைக்கும் இறங்கியிருந்தது.

"எஸ் ஸார்? ஃபாதர்?"

"ஃபாதர் இஸ் இன்ட்ரஸ்டட், மேடம். வெரி இன்ட்ரஸ்டட்."

அப்பா